நூறு பேரில் எத்தனாவது ஆள்

“உள்ள வாங்க, உட்காருங்க. வலது பக்கமா, இடது பக்கமா?” என்று தலை நிமிராமல் கேட்ட எலும்பு டாக்டரம்மா, நிமிர்ந்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

“நீங்களா!”

“நானேதான். வலது பக்கம்,” என்றார் வந்தவர்.

கூட வந்த மனைவி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “தெரிஞ்சவங்களா?”

“மூணு தடவை ஒண்ணா கார்ல போயிருக்கோம்மா,” என்றார் டாக்டர்.

மனைவி கணவர் பக்கம் திரும்பிய வேகத்தில் அவருக்கு இடுப்பு வலியே மறந்துபோயிற்று. “டெஸ்டுக்கு! டெஸ்டுக்குப் போனது! நீங்களும் விவரமா சொல்லக் கூடாதா டாக்டர்?”

டெஸ்டுக்குத்தான். வந்தவர் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. இருபத்தோரு வருஷமாக அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் மதிப்பெண் அட்டையை வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் கோடு போடுகிறவர். அந்த ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ‘சிவப்புப் பேனா’ என்றால் லைசென்ஸ் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், வைத்திருக்காதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். டாக்டர் வைத்திருக்காதவர். மூன்று தடவை பெயில். மூன்று தடவையும் அட்டையில் ஒரே இடத்தில் கோடு: தேவையற்ற தயக்கம்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கணினித் திரையில் ஏற்றினார். ஒரு நிமிஷம் பார்த்தார். பழைய விஷயமெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது.

“கொஞ்ச நாள் முன்னால ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“போன வருஷம் உடம்பெல்லாம் கொப்புளம் வந்துச்சு. எட்டு மாசம் சாப்பிட்டேன்.”

“அதனால இருக்கலாம். இதோ பாருங்க, தொடை எலும்போட மேல்முனை ஒரு பந்து மாதிரி இருக்கு. இடுப்புக் குழிக்குள்ள உட்கார்ந்து சுத்துறது இதுதான். இந்தப் பந்துல ஒரு இடத்துக்கு ரத்தம் போறது நின்னுடுச்சு. அந்த இடம் செத்துப்போச்சு.”

“ஐயோ, செத்துப்போச்சா!” என்றாள் மனைவி.

“எலும்புல ஒரு துண்டு மட்டும்தாம்மா.”

“நான்தான் உட்கார்ந்திருக்கேனே, அதுக்குள்ள ஏன் முகத்தை அப்படி வச்சுக்கறே?” என்றார் அதிகாரி. “சரி டாக்டர், செத்தது செத்துப்போச்சு. இப்ப என்ன பிரச்சினை?”

“வெளியில பந்து இன்னும் உருண்டையாத்தான் இருக்கு. உள்ள வலு குறைஞ்சுட்டே வரும். மேல உங்க உடம்போட கனம் முழுக்க நிக்குது. ஒரு நாள் அமுங்கிடலாம். அமுங்கிட்டா பந்து சப்பையாயிடும், குழியில உரசும், அப்புறம் மூட்டையே எடுத்துட்டு உலோக மூட்டு வைக்கணும். உங்களுக்கு நாற்பத்தேழு வயசுதான். இப்ப வச்சா பின்னால ஒரு தடவை அதையும் மாத்த வேண்டிவரும்.”

“அமுங்குமா, அமுங்காதா? அதைச் சொல்லுங்க.”

“செத்த இடம் எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் இருக்கு, சுத்தி நீர் கோத்திருக்கா, இதையெல்லாம் வச்சுத்தான் கணிக்கிறோம். சின்னதா உள்பக்கமா இருந்தா பேசாம போயிட்டு வாங்கன்னு சொல்லிடுவேன். பெரிசா வெளிப்பக்கம் இருந்தா அமுங்கும்னே சொல்லிடுவேன். உங்களுது நடுத்தரம். வெளிப்பக்கமா நகர்ந்து வேற இருக்கு.”

“நடுத்தரம்னா?”

“உங்க மாதிரி படத்தோட நூறு பேர் வந்தா, ரெண்டு மூணு வருஷத்துல அறுபது பேருக்கு அமுங்கும். நாற்பது பேருக்கு அப்படியே நிக்கும்.”

அதிகாரி யோசித்தார். “அந்த நூறு பேர்ல நான் எத்தனாவது ஆள்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இங்க இருக்கேன்?”

“எங்க வேலையில பாஸ், பெயில் ரெண்டுதான் டாக்டர். அறுபது நாற்பதுன்னு யாருக்கும் லைசென்ஸ் தர்றதில்ல.”

“தெரியும்,” என்றார் டாக்டர். “அமுங்குறதுக்கு முன்னால எலும்புக்குள்ள மெல்லிசா ஒரு துளை போட்டா, உள்ளே இருக்கிற அழுத்தம் குறையும், ரத்தம் திரும்ப வர வழி கிடைக்கும். உறுதி கிடையாது, ஆனா தப்பிக்க வாய்ப்பு கூடும். அமுங்கினதுக்கு அப்புறம் போட்டா பிரயோஜனமே இல்ல. இந்த மாசத்துக்குள்ள செஞ்சுடலாம்னு சொல்றேன். ஆறு வாரம் கக்கத்துல கட்டை வச்சு நடக்கணும்.”

“இந்த மாசமா?”

“ஆமா.”

“ரெண்டு மூணு வருஷம் இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளன்னு சொன்னேன். நாளைக்கும் அதுக்குள்ளதான் வருது.”

வெளியே நடைபாதையில், மருந்து வாங்க நின்ற வரிசைக்கு நடுவிலேயே அதிகாரி பொரிந்து தள்ள ஆரம்பித்தார்.

“பழி வாங்குறா! வேற ஒண்ணுமே இல்ல.”

“மெதுவாப் பேசுங்க.”

“பின்ன என்ன? ரோட்டுல காலியா இருக்கிற சந்திப்பைத் தாண்ட அஞ்சு நிமிஷம் யோசிக்கிற பொம்பளை. ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஈ காக்கா இருக்காது. ‘போகலாமா, வேண்டாமா’ன்னு உட்கார்ந்திருப்பா. அவ என் இடுப்புல துளை போட ஒரே நிமிஷத்துல முடிவெடுக்கிறா. எப்படி? துளை போடப்போறது என் இடுப்புல!”

“அவங்க தொழில் அது. உங்களுக்கு வலிக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

“வலின்னு சொல்ல முடியாது. லேசா ஒரு இது.”

மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிறவள். ‘லேசா ஒழுகுது’ என்று யாராவது சொன்னால் வீடு முழுக்கத் தண்ணீர் என்று எழுதிக்கொள்கிற அனுபவம் அவளுக்கு உண்டு. கணவர் மட்டும் விதிவிலக்கா என்ன?

அவர் பயத்துக்கு அசல் காரணம் துளை இல்லை. தேர்வுக் காரில் அதிகாரி பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் இவர் வலது காலால் அதை மிதிக்க வேண்டும். கால் கேள்விக்குறி என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் அந்த இருக்கை போய்விடும். கோப்பு அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். இருக்கையும் போகக் கூடாது, மூட்டும் போகக் கூடாது, துளையும் கூடாது. அதற்கு வழி ஒன்று இருக்க வேண்டுமே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

“இந்தா, பிடி.”

“என்னங்க இது?”

“மதிப்பெண் அட்டை. டிரைவிங் டெஸ்டுக்கு வச்சிருக்கிற அதே அட்டைதான். நானே மாத்தி எழுதியிருக்கேன், பாரு. எழுந்திரிக்கிறது, உட்காருறது, படி ஏறுறது, படி இறங்குறது, செருப்பு மாட்டுறது. சின்னத் தப்புக்கு ஒரு கோடு. பதினஞ்சு வரைக்கும் பாஸ். பெரிய தப்பு ஒண்ணே ஒண்ணு வந்தாலும் பெயில். பெயிலானா துளை போட்டுக்கறேன். இன்னையிலிருந்து நீதான் அதிகாரி.”

“நொண்டினா எந்தக் கட்டம்?”

“நான் ஏன் நொண்டப்போறேன்?”

“இப்ப இழுப்பறைக்கிட்ட போகும்போது நொண்டினீங்களே.”

“அது செருப்பு வழுக்கிச்சு. அதுக்கெல்லாம் கோடு போடக் கூடாது.”

“உங்ககிட்ட டெஸ்டுக்கு வர்றவங்க செருப்பு வழுக்கிச்சுன்னா விட்டுடுவீங்களா?”

முதல் கோடு விழுந்தது.

அன்று தொடங்கி அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மனிதர் சோபாவிலிருந்து எழுந்திருக்கப் பத்து வினாடி முன்பே தயாராவார். மூச்சை இழுத்துப் பிடித்து, முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டிக்கொண்டு, ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுவதுபோல எழுவார்.

“முனகல். ஒண்ணு,” என்பாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

“அது முனகல் இல்லடி, மூச்சு!”

“மூச்சுக்கு ‘அம்மா’ன்னு சத்தம் வராது.”

“படியில கைப்பிடியப் பிடிச்சதுக்கு ரெண்டு கோடா? கைப்பிடி எதுக்கு வச்சிருக்காங்க?”

“பிடிக்கிறதுக்கு வச்சிருக்காங்க. தொங்குறதுக்கு இல்ல.”

“நீ ரொம்ப கடுமை. இரக்கமே கிடையாது உனக்கு.”

“சொல்றது யாருன்னு பாருங்க!”

இப்படி மூன்று வாரம். பன்னிரண்டு, பதினான்கு, பதின்மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்ததால் நான்கு. ஒரு நாளும் பதினைந்தைத் தாண்டவில்லை. அதிகாரி அட்டைகளை அடுக்கி கிளிப் போட்டு வைத்துக்கொண்டார். “பார்த்தியா? இருபத்தோரு நாளும் பாஸ். அறுபது பேர்ல நான் இல்ல. நாற்பது பேர்ல நான் இருக்கேன்.”

“நீங்க ஒழுங்கா நடக்கறீங்கன்னா, உள்ள இருக்கிறது அமுங்காதுன்னு யார் சொன்னா?”

“நடை நல்லாயிருந்தா எல்லாம் நல்லாயிருக்கும். இருபத்தோரு வருஷமா பார்க்கிறேன்.”

இந்தப் பேச்சு நடக்கும்போது மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். மாமா தேர்வு அதிகாரி என்பதால் அவனுக்கு நன்மை உண்டென்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவனிடம் படித்தவர்களை மாமா இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பார் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

“மாமா, நாளைக்கு உங்க லிஸ்ட்ல அந்த எலும்பு டாக்டரம்மா இருக்காங்க. என் ஸ்டூடண்ட்.”

“நாளைக்கு என் லிஸ்ட்டா? அவளை இன்னொரு ஆளுக்கு மாத்தச் சொல்லியிருந்தேனே.”

“அந்த ஆள் லீவு. டெஸ்டைத் தள்ளிப்போட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தான். மாமா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கோவிச்சுக்குவேன்.”

“சரி, கோவிச்சுக்குங்க. உங்க இடுப்பு அவங்க கையில, அவங்க லைசென்ஸ் உங்க கையில. ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா—”

“எழுந்திரு.”

“மாமா—”

“எழுந்திருடா. அக்கா வீட்டுல சாப்பிட வந்தியா, சாப்பிட்டுட்டுப் போ. என் இடுப்பை வச்சு வியாபாரம் பேசினே, உன் ஸ்கூல் போர்டையே கழட்டி எடுத்துட்டு வந்துடுவேன்.”

“அவங்க பாஸாகலேன்னா அந்தப் போர்டை நானே கழட்டணும் மாமா. பதினெட்டு மாசமா சொல்லிக் கொடுக்கறேன். கியர் சுத்தம், ஸ்டீரிங் சுத்தம். சந்திப்புக்கு வந்தா மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்துடறாங்க.”

காலையில் முதல் வேலையாக அதிகாரி தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார்: “சார், இவங்க என்னோட டாக்டர். நான் டெஸ்ட் எடுக்கிறது முறையில்ல.”

“என்ன வைத்தியம் பார்த்தாங்க?”

“இன்னும் ஒண்ணும் பார்க்கல. சும்மா ஒரு தடவை போனேன்.”

“அப்ப என்ன சொந்தம் கொண்டாடறீங்க? போய் எடுங்க.”

எதற்குப் போனீர்கள் என்று மேலதிகாரி கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்து, டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்யும்போது அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. பழி வாங்குகிறவளாக இருந்தால் இன்றைக்குத் தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முன்னால் எந்த மனிதனும் சிவப்புப் பேனாவிடம் கசப்பாகப் பேச மாட்டான். சட்டைக் கலர் நன்றாயிருக்கிறது என்று சொன்ன கல் உடைக்கிற தொழிலாளியைக்கூட அவர் பார்த்திருக்கிறார்.

“டாக்டர், சும்மா ஒரு வார்த்தை. அமுங்குமா?”

“இப்பவா கேட்கறீங்க?”

“சும்மாதான். மூணு வாரமா நல்லாவே இருக்கேன். நாற்பது பேர்ல நான் ஒருத்தன்தானே?”

டாக்டர் சீட் பெல்ட்டை மாட்டினார். “தெரியாது. அறுபதுன்னு அன்னைக்குச் சொன்னேன். மூணு வாரம் சும்மா விட்டிருக்கீங்க. அறுபத்தஞ்சுன்னு வச்சுக்குங்க.”

பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி. “வண்டியை எடுங்க. நேரா போய் வலது பக்கம் திரும்புங்க.”

வண்டி பட்டுப்போல நகர்ந்தது. கியர் சுத்தம். ஸ்டீரிங் சுத்தம். மச்சினன் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது தெருவில், சிக்னல் இல்லாத அந்தச் சந்திப்பு வந்தது. வண்டி நின்றது.

நின்றது நின்றதுதான்.

இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் வெகு தூரத்தில் ஒரு சைக்கிள். சைக்கிள் வந்தது, போயிற்று. டாக்டர் இடமும் வலமும் பார்த்தார். திரும்ப இடம் பார்த்தார். தேர்வில் அதிகாரி வழி மட்டும்தான் சொல்லலாம், ‘போ’ என்று சொல்லக் கூடாது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிர் நடைபாதையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, காருக்கு முன்னால் நிதானமாகக் கடந்து, மூலைக் கடைக்குப் போய், ரொட்டி வாங்கிக்கொண்டு, அதே நிதானத்தில் திரும்பிக் கடந்தார். போகும்போது காரைப் பார்த்துத் தலையாட்டினார். பழகிவிட்டது போல.

பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“என்னம்மா, வண்டி ரிப்பேரா?”

“இல்லீங்க. டெஸ்ட்.”

“யாருக்கு? எனக்கா?”

அதிகாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தேர்வுக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அட்டையில் கோடு போட்டபோது கடிகாரம் ஆறு நிமிஷம் காட்டியது. அதற்குப் பிறகு டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, அந்தச் சந்திப்பைத் தாண்டினார்.

தாண்டி இருநூறு அடி போயிருக்கும். தெரு அங்கே சரிவு. மேலேயிருந்து ஒரு பெரிய குப்பைத்தொட்டி, சக்கரம் வைத்தது, யாரோ அடைப்புக்கட்டையை எடுத்துவிட்டார்களோ என்னவோ, தடதடவென்று உருண்டு வந்து நேராகக் காருக்கு முன்னால் பாய்ந்தது.

அதிகாரியின் வலது கால் தானாகவே பிரேக்குக்குக் கிளம்பிற்று. கிளம்பிய கால் பாதி வழியில் நின்றது. இடுப்பில் யாரோ கதவை அறைந்து தாழ் போட்டதுபோல ஒரு பிடிப்பு. முன்னால் போகவில்லை, பின்னால் வரவில்லை. கால் அந்தரத்தில் தொங்கியது.

கார் நின்றிருந்தது. டாக்டர் நிறுத்தியிருந்தார். குப்பைத்தொட்டி பம்பரை உரசாமல் தாண்டி, எதிர்ச்சுவரில் மோதி, வயிற்றிலிருந்ததையெல்லாம் கொட்டியது.

டாக்டர் கை பிரேக்கைப் போட்டுவிட்டு, அந்தரத்தில் நின்ற காலைப் பார்த்தார்.

“உங்க கால் போகல,” என்றார் டாக்டர்.

“வண்டிதான் நின்னுடுச்சே.”

“நான் நிறுத்தினேன். நீங்க நிறுத்தல. பக்கத்துல நான் இல்லாம, நேத்துதான் வண்டியத் தொட்ட ஆள் ஒருத்தர் இருந்திருந்தா? தொட்டிக்குப் பதிலா ஒரு குழந்தை வந்திருந்தா?”

அதிகாரி இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலைத் தூக்கி, பழைய இடத்தில் வைத்துக்கொண்டார். வியர்த்திருந்தது. “அலுவலகத்துக்குத் திரும்புங்க,” என்றார்.

அலுவலக வாசலில் வண்டி நின்றது. அவர் அட்டையை எழுதினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினார். நீட்டினார். டாக்டர் வாங்கிப் படித்தார்.

“திடீர் நிறுத்தம்: மிக நன்று. அட, இதெல்லாம் எழுதுவீங்களா?”

“எழுதற மாதிரி இதுவரைக்கும் யாரும் நிறுத்தினதில்ல.”

“தேவையற்ற தயக்கம், ஆறு நிமிடம். பெயில்.” டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “நாலாவது தடவை. சரி. பஸ் இருக்கு, போயிக்கலாம்.” பிறகு கீழே குனிந்தார். “இது என்ன, குறிப்புல ஒரு வரி? ‘அதிகாரியின் பிரேக் வேலை செய்யவில்லை. காரணம் வாகனம் அல்ல, அதிகாரி.’ இதை நீங்களா எழுதினீங்க?”

“நடந்தது அதுதானே. இந்தப் பிரதி மேலதிகாரிக்குப் போகும்.”

“உங்க சீட் போயிடுமே.”

“போகட்டும்.” அதிகாரி சட்டைப்பையிலிருந்து கிளிப் போட்ட அட்டைக் கட்டை எடுத்தார். “இதையும் பாருங்க. இருபத்தோரு நாள். என் மனைவி போட்ட மார்க். ஒரு நாளும் நான் பெயிலாகல. அப்படியிருந்து கால் எப்படி நின்னுச்சு?”

டாக்டர் புரட்டிப் பார்த்தார். செருப்பு, படி, முனகல், மறுபடியும் முனகல். உதட்டைக் கடித்துக்கொண்டார். “உங்க மனைவி நல்ல அதிகாரி. ஆனா இது ஓட்டுறவரைப் பார்க்கிற அட்டை. அமுங்கப்போறது ரோடு. ரோட்டுக்கு அடியில மண் போயிடுச்சுன்னா, மேல எவ்வளவு ஒழுங்கா ஓட்டினாலும் என்ன? சில பேர் ஒரு வலியுமில்லாம நடப்பாங்க, உள்ள பாதி பந்து போயிருக்கும்.”

“இன்னொண்ணு கேட்கணும். இப்ப நீங்க பெயிலாயிட்டீங்க. இனிமே என்கிட்ட உங்களுக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. அமுங்குமா?”

“அறுபத்தஞ்சு.”

“காலையில சொன்னதே.”

“காலையிலிருந்து உங்க இடுப்பு மாறலையே. பிடிச்சுக்கிச்சே, அதுக்கு ஒரு ரெண்டு மூணு வேணா கூட்டலாம்.”

“ஒரு தெருவைத் தாண்ட ஆறு நிமிஷம் யோசிக்கறீங்க. என் எலும்புல துளை போட மட்டும் எப்படி ஒரே நிமிஷத்துல முடிவு பண்ணினீங்க? மூணு வாரமா இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது.”

டாக்டர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே யோசித்தார். “ரோட்டுல நான் காத்திருந்தா யாருக்கு என்ன ஆகும்? பஸ்காரர் திட்டுவார், அவ்வளவுதான். காத்திருக்கிறதுல நஷ்டமே இல்ல, அதனால காத்திருக்கேன். உங்க இடுப்புல காத்திருந்தா பின்னாலிருந்து யாரும் ஹாரன்கூட அடிக்க மாட்டாங்க. ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழுந்திரிப்பீங்க, அமுங்கியிருக்கும். அறுபது நாற்பதுன்னு நான் சொல்றது பயமுறுத்துறதுக்கு இல்லீங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியலைங்கறதைத்தான் அப்படிச் சொல்றேன்.”

“துளை போட்டும் அமுங்கினா?”

“அமுங்கலாம். அப்ப மூட்டை மாத்துவோம். முன்னாலயே சொல்லிட்டேன், பின்னால வந்து சண்டை போடக் கூடாது.”

“தேதி சொல்லுங்க.”

“வியாழக்கிழமை.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு. காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க.”

அன்று மேலதிகாரி குறிப்பை இரண்டு தடவை படித்தார். “அதிகாரி தன்னையே பெயிலாக்கிக்கிட்டது இந்த அலுவலகத்துல இதான் முதல் தடவை,” என்று சொல்லி, கோப்பு அறைச் சாவியை எடுத்து நீட்டினார். வீட்டில் மனைவி கேட்டாள்: “அவங்களைப் பெயிலாக்கிட்டு, அதே கையோட அவங்ககிட்டயே ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கிட்டு வந்தீங்களா? மயக்க ஊசி போட்டு உங்களைப் படுக்க வச்சதுக்கு அப்புறம் அந்தம்மா கையில டிரில் இருக்கும், ஞாபகம் வச்சுக்குங்க.”

“அதனாலதான் அவகிட்ட போறேன். காலையிலயும் அறுபத்தஞ்சு, பெயிலானதுக்கு அப்புறமும் அறுபத்தஞ்சு. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல.”

“இப்பவாவது சொல்லுங்க. எத்தனை நாளா வலிக்குது?”

“ஆறு மாசமா.”

“நிஜமா?”

“எட்டு.”

துளை போட்டார்கள். ஆறு வாரம் கட்டை ஊன்றி நடந்தார். கக்கம் புண்ணாயிற்று. கட்டை வழுக்குகிறது, தரை வழுக்குகிறது, வீட்டைக் கட்டியவனுக்கு மூளை வழுக்கிவிட்டது என்று தினமும் ஒரு புகார். மனைவி எல்லாவற்றுக்கும் அலுவலகக் குரலில், “உங்க புகார் பதிவாயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். கட்டையை எடுத்த பிறகும் வலி உடனே போகவில்லை; வந்தது, குறைந்தது, மழைக்காலத்தில் எட்டிப் பார்த்தது. மூன்று மாதத்தில் ஒரு படம், ஆறு மாதத்தில் ஒரு படம். இரண்டிலும் டாக்டர், “இப்போதைக்கு உருண்டையா இருக்கு,” என்று மட்டும் சொன்னார். அந்த ‘இப்போதைக்கு’ அதிகாரியின் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

ஒரு வருஷம் முடிந்து எடுத்த படத்துக்கு, புருஷனும் பெண்டாட்டியும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள்.

“உட்காருங்க,” என்றார் டாக்டர். திரையில் படம் ஏறியது. கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு பந்து. டாக்டர் பெரிதாக்கினார், திருப்பினார், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

“ஏன் பேச மாட்டேங்கறாங்க?” என்று மனைவி கணவர் காதில் கேட்டாள்.

“தயங்குறா,” என்றார் அவர்.

“பார்த்துட்டுத்தான் பேசணும்,” என்றார் டாக்டர். “அமுங்க ஆரம்பிச்சா மேல்விளிம்புக்குக் கீழே பிறை மாதிரி மெல்லிசா ஒரு கோடு விழும். அதைத்தான் தேடறேன்.”

அதிகாரி பொறுக்கமாட்டாமல் எழுந்து மேசைமேல் சாய்ந்தார். எழுந்தபோது முனகவில்லை என்பதை மூன்று பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. திரையில் விரலை வைத்து, பந்தின் விளிம்பை இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டே போனார். விரலை எடுத்தவர் அப்படியே உறைந்துவிட்டார்.

“டாக்டர். இங்க. இங்க ஒரு கோடு.”

“எங்க?”

“விளிம்புக்குக் கீழ. வளைஞ்சு... பிறை மாதிரி. ஐயோ, ஒண்ணில்ல, நாலஞ்சு கோடு இருக்கே!”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த துணியை எடுத்து அந்த இடத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

“இப்பப் பாருங்க.”

“போயிடுச்சு!”

“அது உங்க கைரேகை. வியர்த்த விரலை என் திரையில வச்சுத் தேய்ச்சா கோடு விழாம என்ன பண்ணும்? உள்ள ஒரு கோடும் இல்ல. பந்து உருண்டையா இருக்கு. செத்த இடத்துல ஓரமா புது எலும்பு வர ஆரம்பிச்சிருக்கு.”

அதிகாரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “இப்ப எத்தனை டாக்டர்? நூத்துக்கு?”

“நிக்கும்னு எண்பது. அதுக்கு மேல கேட்காதீங்க, தெரியாது.”

“எண்பது போதும்,” என்றாள் மனைவி. அவர் கையைப் பிடித்துத் தூக்கப் போனவள், அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டதைப் பார்த்துக் கையை விட்டாள். “வாங்க. கதவைத் தொடாதீங்க, நான் திறக்கறேன். கையெல்லாம் ஈரம்.”